நம் முன்னோர் வந்த வழியும் வெட்டிய காடும்



நம் கூட்டமைப்பின் நினைவு மலருக்கு "நம்ம ஊரை உருவாக்கிய முன்னோர்கள்" என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி செயற்குழுவில் என்னிடம் சொன்னார்கள். நான் சிலோனிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். முதல் குழு ஆரம்பித்த நாளிலிருந்து கணக்கு நோட்டு எழுதுகிறவள். பழைய கதை தெரியும் என்று நம்பித்தான் என்னிடம் கொடுத்தார்கள். நானும் நாலு பக்கம் எழுதி, மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று பெருமையாக வாசித்தேன். "ஆளில்லாத காட்டை வெட்டி, அட்டைக்கடியும் யானைப் பயமும் தாங்கி, நம் முன்னோர்கள் இந்த ஊரை உண்டாக்கினார்கள்" என்று அது ஆரம்பித்தது. கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கினதும் பணியர் காலனிக் குழுவின் பிரதிநிதிப் பெண் எழுந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். "அக்கா, ஒரு சந்தேகம். ஆளில்லாத காடுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ எங்க பாட்டி எங்க இருந்தாங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கடன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தால் எப்படிக் கேட்பாளோ, அப்படிக் கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. அந்த நாலு பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். பிறகு வீட்டில் பெரியவர்களிடம் கேட்டேன், காலனிக்குப் போய்ப் பேசினேன், கொஞ்சம் படித்தேன். அப்புறம் திரும்ப எழுதியதுதான் இது.

கண்டிச் சீமைக்குப் போன கதை

எங்க அப்பாயியோட பாட்டன் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பினார் என்று அப்பாயி சொல்லும். அது 1876 முதல் 1878 வரை நம் பக்கத்தை வாட்டிய பெரிய பஞ்சம். மழை இல்லை, தானியம் இல்லை. இருந்த தானியமும் விலை ஏறி ஏழைக்கு எட்டாமல் போனது. லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அப்போதுதான் கங்காணி வந்து "கண்டிச் சீமையில் வேலை இருக்கு, முன்பணம் தர்றேன்" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஜனங்கள் கடற்கரை வரைக்கும் நடந்தே போனார்கள். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் மாதிரியான துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியில் பல நாள் நடந்து மாத்தளைக்குப் போய், அதற்குமேல் மலை ஏறினார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். எங்க பாட்டனோடு கிளம்பிய தங்கை மலை போய்ச் சேரவில்லை. எந்த இடத்தில் விட்டார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது.

போன இடத்தில் முதலில் கோப்பித் தோட்டம். இலையில் துரு மாதிரி படரும் ஒரு நோய் 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பியை அது அழித்துவிட்டது. ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867இல் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி போனதும் எல்லா மலையும் அந்தச் செடிக்கு மாறியது. கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டதும், மேலே மிஞ்சியிருந்த காட்டை வெட்டியதும் எங்க ஆட்கள்தான். பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் நாலு தலைமுறை இருந்தோம். எங்க அப்பாயி லயத்தில் பிறந்து, லயத்திலேயே தாலி கட்டி, அங்கேயே ஒன்பது பிள்ளை பெற்று அஞ்சைப் புதைத்தது.

அந்த மலை யாருடையது?

இதுவரைக்கும் என் முதல் கட்டுரையிலும் இருந்தது. அதில் இல்லாதது இனிமேல் வருகிறது.

கண்டி ராஜ்யம் 1815இல் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. 1817–18இல் ஊவாப் பகுதிச் சிங்கள மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். கடுமையாக அடக்கப்பட்டார்கள். பதுளை அந்த ஊவாவில்தான் இருக்கிறது. 1840இல் ஒரு சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிர் செய்யாத நிலம், குடியிருக்காத நிலம் எதுவானாலும், சொந்தம் என்று நிரூபிக்காவிட்டால் அது அரசாங்கத்துடையது என்றார்கள். மலைக் கிராமத்துச் சிங்களக் குடியானவருக்குக் கீழே வயல் இருக்கும். மேலே உள்ள காட்டில் சில வருஷத்துக்கு ஒரு முறை சேனைப் பயிர் வைப்பார். மாடு மேய்ப்பார், விறகு எடுப்பார். தலைமுறை தலைமுறையாக அனுபவித்தது, கையில் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாததால் அது ஆளில்லாத காடு ஆயிற்று. அரசாங்கம் அதைத் தோட்டக்காரருக்கு விற்றது. தோட்டக்காரர் வெட்டுவதற்கு எங்க ஆட்களைக் கொண்டுவந்தார்.

எங்க பாட்டன் அந்த நிலத்தைப் பிடுங்கவில்லை. அவருக்கு ஒரு சாண் நிலமும் கிடைக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லய அறைதான் கிடைத்தது. ஆனால் மேலே காட்டுக்குப் போக வழியில்லாமல் நின்ற சிங்களக் குடியானவர், கவர்னரையும் கம்பெனியையும் எங்கே பார்த்தார்? அவர் பார்த்தது கோடாலியோடு நின்ற எங்க பாட்டனைத்தான்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷமே, 1948இல், குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது. மலையகத்தில் இருந்த சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. அதற்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. "எங்க மலையில் வந்து உட்கார்ந்தவங்க" என்ற மனக்குறையும் அதற்கு உதவியது. அந்த அநியாயத்தை நான் நியாயப்படுத்தவில்லை. மனக்குறை எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

1964 அக்டோபரில் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அங்கே பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எங்களை ஒருத்தரும் கேட்கவில்லை.

ரெண்டு பக்கமும் முன்பணம்

நாம் கடன், சேமிப்பு என்று பேசுகிறவர்கள். அதனால் இந்த ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

எங்க பாட்டனைக் கட்டிப்போட்டது சங்கிலி இல்லை, கடன். வழிச்செலவு, சோறு, துணி எல்லாம் கங்காணி கணக்கில் ஏறும். சம்பளம் கங்காணி கை வழியாக வரும். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் கடன் தொகை எழுதின "துண்டு" ஒன்று வாங்க வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள்.

அதே காலத்தில் இங்கே வயநாட்டுப் பக்கம் பணியர்கள் எப்படி இருந்தார்கள் தெரியுமா? ஜன்மிகளுக்கும் மற்ற நிலக்காரர்களுக்கும் வயல் வேலை செய்யக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள். மானந்தவாடி பக்கத்தில் வள்ளியூர்க்காவு கோவில் திருவிழாவில், அம்மன் சாட்சியாகக் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார்கள். வாங்கின குடும்பம் அந்த வருஷம் முழுக்க அந்த நிலக்காரருக்கே வேலை செய்ய வேண்டும். விட்டுப் போனால் அம்மன் கோபம் வரும் என்ற பயம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் சில இடங்களில் அது உடனே நிற்கவில்லை.

அங்கே கங்காணி, இங்கே ஜன்மி. கடல் ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்தது, கட்டு ஒன்றுதான். இது தெரிந்திருந்தால் முதல் நாளே அவர்களோடு உட்கார்ந்து பேசியிருப்போமோ என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கூடலூர் மலையில் இருந்தவர்கள்

நாங்கள் வருவதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர். வயல் பயிரிட்ட வயநாடன் செட்டிகள் இருந்தார்கள். தேன் எடுக்கவும் கிழங்கு தோண்டவும் காட்டுநாயக்கருக்குத் தெரியும். யானை பழக்குவதில் பெட்டக்குறும்பர் கைதேர்ந்தவர்கள், முதுமலையில் இன்றும் பார்க்கலாம். நிலத்தில் பெரும்பகுதிக்கு நிலம்பூர் கோவிலகம் ஜன்மி என்று காகிதம் இருந்தது. காட்டில் வாழ்ந்தவர் கையில் காகிதம் இல்லை.

அப்புறம் வரிசையாக ஆட்கள் வந்தார்கள். 1845ஐ ஒட்டி அக்டர்லோனி குடும்பத்து வெள்ளைக்காரர்கள் கோப்பி போட்டார்கள். ஓவேலி என்ற பெயரே அவர்கள் பெயரிலிருந்து வந்ததுதான். அது மலபார் மாவட்டமாக இருந்த பகுதி. 1870களில் நீலகிரியோடு சேர்த்தார்கள். 1880ஐ ஒட்டித் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கம் இருக்கிறதென்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் திறந்தார்கள். குறும்பர்களும் பணியர்களும் ஆற்று மணலில் சிறுகச் சிறுக அரித்த பொன்னை எந்திரம் வைத்து எடுக்கப் பார்த்தார்கள். சில வருஷத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டுப் போனார்கள். சுரங்கக் குழிகள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன.

இரண்டாம் உலகப் போரை ஒட்டி உணவுப் பஞ்சம் வந்தது. அதிகம் பயிரிடுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. திருவாங்கூர்ப் பக்கத்திலிருந்து மலையாளக் குடும்பங்கள் மலை ஏறின. மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, மரவள்ளியும் மிளகும் வைத்தார்கள். நம் கூட்டமைப்பில் இருக்கிற சேச்சிமார்களின் தாத்தா பாட்டிகள் அவர்கள். அவர்கள் கதையும் எங்கள் கதை மாதிரிதான். பாடுபட்டது உண்மை. நட்ட இடத்தில் முன்னாடி ஆள் இருந்ததும் உண்மை.

1969இல் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்து, 1974இல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்டது. "பிரிவு 17 நிலம்" என்று நாம் தினமும் கேட்கிறோமே, அது இந்தச் சட்டத்தில் உள்ளதுதான். அரை நூற்றாண்டு ஆகியும் பல இடங்களில் தீரவில்லை. பட்டா இல்லை, கரண்டு இல்லை என்று நாம் அலைவதற்குக் காரணம் இது. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதைப் பற்றி நிலம்பூர் கோவிலகத்துக்காரர் ஒருவர் 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் வந்த உத்தரவு நாடு முழுக்க உள்ள காட்டுக்கெல்லாம் பொருந்தியது. இவ்வளவு வழக்கிலும் பணியர் பாட்டியின் பேர் எந்தப் பக்கமும் வரவில்லை. 1988 டிசம்பரில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூரில் நிலம் கேட்டு ஊர்வலம் போனார்கள். நான் அன்றைக்குக் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். "இவங்களுக்கு எதுக்கு நிலம்?" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் வந்தது

1973இல் எனக்கு ஆறு வயசு. பதுளையிலிருந்து கோச்சி ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். குடும்ப அட்டை கொடுத்தார்கள். "தாயகம் திரும்பியோர்" என்று எங்களுக்குப் பேர். என் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்னால் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்".

எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டத்தை ஆரம்பித்தது. அதுதான் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது, நாம் சொல்கிற டான்டீ. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் ஏதோ ஒரு பிளாட்பாரத்தில் முடிந்திருக்கும். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

தோட்டம் வருவதற்கு முன் அது வனம். பெரிய மரத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, மிச்சத்தை வெட்டித் தீ வைப்பார்கள். கட்டை தோண்டி, குழி வெட்டி, நர்சரி நாற்றைக் கொண்டுபோய் நடுவார்கள். தார்ப்பாய்க் கொட்டகையில்தான் முதல் மழைக்காலம் போனது. அட்டை கடித்து அம்மா காலில் ரத்தம் ஒழுகும். புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு போகும். ஒரு ராத்திரி யானை வந்து அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. என் தம்பி அந்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டான். ரெண்டு வயசு.

யானை எந்த வழியில் வரும், எந்த ஓடைத் தண்ணியைக் குடிக்கலாம், எந்தக் கீரை ஆகும், எந்தக் காளான் ஆகாது என்று எங்களுக்குச் சொன்னது யார்? ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பணியர் வீட்டுப் பெண்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது வேர் இடித்துக் கொண்டுவந்து தந்தது அவர்கள்தான். அப்பாயி அவர்களுக்கு உப்பும் தேயிலைத்தூளும் கொடுக்கும். தேத்தண்ணியும் கொடுக்கும். ஆனால் சிரட்டையில் கொடுக்கும். எங்கள் டம்ளரில் கொடுத்ததில்லை.

இதை எழுதக் கை கூசுகிறது. ஏனென்றால் புதுக்கோட்டையில் எங்கள் பாட்டனுக்கும் அப்படித்தான் சிரட்டையில் ஊற்றினார்கள். கண்டிச் சீமைக்குப் போனதற்குப் பஞ்சம் ஒரு காரணம், அந்தச் சிரட்டை இன்னொரு காரணம் என்று சொன்னதும் இதே அப்பாயிதான்.

பாட்டி காட்டிய இடம்

கூட்டத்தில் கேள்வி கேட்ட பெண் போன மாதம் என்னைத் தன் பாட்டியிடம் கூட்டிப்போனாள். எண்பது வயசுக்கு மேல் இருக்கும். கண் மங்கல், நினைவு தெளிவு. மலையாளமும் தமிழும் கலந்த அவர்கள் பாஷையில் பேசினார்கள், பேத்தி எனக்கு எடுத்துச் சொன்னாள்.

பாட்டியைக் கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டிப்போனோம். அவர்கள் நின்ற இடம் எங்கள் அம்மா இருபது வருஷம் கொழுந்து எடுத்த மலை. "இங்க எங்க அப்பன், அங்க எங்க அண்ணன், அந்தப் பாறை ஓரமா என் முதல் புள்ள" என்று விரல் நீட்டிக் காட்டினார்கள். அது அவர்கள் ஆட்களைப் புதைத்த இடம். தோட்டம் போடுவதற்காகத் தீ வைத்தபோது ஒருத்தரும் வந்து கேட்கவில்லையாம். குழி வெட்டும்போது எலும்பு வந்ததாம். வேலைக்காரர்களில் ஒருவர் அதை மண்ணில் மூடிவிட்டு, குழியைக் கொஞ்சம் தள்ளி வெட்டினாராம்.

"அவரு நல்ல மனுஷன். அன்னிக்கு எங்களுக்குக் கஞ்சி கொடுத்தாரு" என்றார்கள் பாட்டி.

யார் என்று கேட்கவில்லை. எங்க தாத்தாவாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். கேட்டு, நம்ம தாத்தாதான் என்று தெரிந்தால் மனசுக்குச் சமாதானம் வந்துவிடும் என்று பயந்தேன். குழியைத் தள்ளி வெட்டியது நல்ல மனசு. குழி வெட்டாமல் இருந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. ரெண்டும் ஒரே ஆள் செய்ததுதான்.

"எங்க மேல கோபம் இல்லையா பாட்டி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்களும் பட்டினியாத்தானே வந்தீங்க. ஆனா வந்தவங்க ஒருத்தரும் இது யார் இடம்னு கேக்கலையே" என்றார்கள்.

வரவும் செலவும்

நம் குழு நோட்டில் வரவுப் பக்கம் மட்டும் எழுதினால் ஆடிட்டர் கையெழுத்துப் போடுவாரா? முன்னோர் கதையை இத்தனை நாள் அப்படித்தான் எழுதி வந்தோம். பாடுபட்டார்கள், பசி தாங்கினார்கள், ஊரை உண்டாக்கினார்கள் என்பதெல்லாம் வரவு. அதில் ஒரு பைசா பொய் இல்லை, குறைக்கவும் மாட்டேன். எதிர்ப் பக்கத்தில் இருப்பதையும் எழுத வேண்டும். புதைகுழி மேல் செடி வந்தது. கிழங்கும் தேனும் தந்த காடு போனது. யானை வழி அடைபட்டது, இன்றைக்கு யானை நம் வாசலுக்கு வருகிறது. சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தோம். நம் கூட்டமைப்பு ஆரம்பித்த புதிதில் "அவங்க கடன் கட்ட மாட்டாங்க" என்று சொல்லிக் காலனிக் குழுவை ரெண்டு வருஷம் சேர்க்காமல் வைத்தோம். அந்தத் தீர்மானம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. சேர்த்த பிறகு அந்தக் குழு ஒரு தவணைகூடத் தவறியதில்லை.

இதை வாசித்துக் காட்டியபோது ஒரு அக்கா கேட்டார்: "இப்படியெல்லாம் புத்தகத்துல போட்டா, நாளைக்கு நம்மளையே காலி பண்ணச் சொல்ல மாட்டாங்களா?"

அந்தப் பயம் எனக்கும் உண்டு. டான்டீ நிலத்தில் 2,000 எக்டேருக்கும் மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு ஆணை போட்டது. ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தபோது எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று நமக்குத் தெரியும். நூற்று ஐம்பது வருஷத்தில் மூன்றாவது தடவை, "நீ இங்கே உள்ள ஆள் இல்லை" என்று கேட்பது யாருக்குத் தாங்கும்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். கண்டி மலையில் காட்டை விற்றவரும் வாங்கியவரும் லாபத்தோடு போய்விட்டார்கள். சிங்களக் குடியானவரும் தமிழ்த் தொழிலாளியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் விலையை நாம் கொடுத்தோம். இங்கேயும் அதே மாதிரி நிற்க வேண்டுமா? காலனிப் பெண்கள் நம் வீட்டைக் கேட்கவில்லை. புதைத்த இடத்துக்குப் போய் விளக்கு வைக்க வழி கேட்கிறார்கள், காட்டுக்குள் போகும் உரிமை கேட்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தில் கோரிக்கை கிராம சபையில்தான் தொடங்குகிறது. அந்தக் கிராம சபையில் கை தூக்க வேண்டியவர்களில் நாமும் இருக்கிறோம். நமக்கு வேண்டியது குடியிருக்கிற வீட்டுக்குப் பட்டா. அதற்கு அவர்கள் கையெழுத்தும் வேண்டும்.

போன கூட்டத்தில் ரெண்டு தீர்மானம் வைத்தோம். ஒன்று, புதைகுழி இடத்துக்கு வழிவிடவும் அந்த இடத்தைப் பாதுகாக்கவும் காலனி கொடுக்கும் மனுவைக் கூட்டமைப்பு ஆதரிப்பது. இன்னொன்று, ஓய்வு பெற்றவர்களின் வீட்டுக்கான மனுவில் காலனிக் குழுக்களும் கையெழுத்துப் போடுவது. ரெண்டாவது தீர்மானத்தை முதலில் வழிமொழிந்தது கேள்வி கேட்ட அந்தப் பெண்தான். முதல் தீர்மானத்துக்கு நம் ஆட்களில் சிலர் இன்னும் கை தூக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் திரும்ப வருகிறது. அதற்குள் இந்தக் கட்டுரையை எல்லாரும் வாசித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

என் பேத்தி எட்டாவது படிக்கிறாள். "நம்ம முன்னோர் நல்லவங்களா கெட்டவங்களா பாட்டி?" என்று கேட்டாள். பசியோடு வந்தவங்க, பாடுபட்டவங்க, கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காம விட்டவங்க என்று சொன்னேன். அவர்கள் கேட்காததற்குக் காரணம் இருந்தது. வயிறு காய்ந்திருந்தது, படிப்பு இல்லை, மேலே துரை நின்றான். எனக்கும் உங்களுக்கும் அந்தக் காரணம் இல்லை. மூன்று வேளை சாப்பிடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், தீர்மானம் எழுதுகிறோம்.

முதல் கட்டுரையின் முதல் வரியை அடித்துவிட்டு இப்படி மாற்றியிருக்கிறேன்: "பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இருளரும் வாழ்ந்த இந்தக் காட்டுக்கு, வேறு போக்கிடம் இல்லாமல் நம் முன்னோர்கள் வந்தார்கள்." மலர்க்குழு அதை அப்படியே அச்சிடச் சம்மதித்ததற்கு நன்றி. அடுத்த கூட்டத்துக்கு எல்லாரும் மறக்காமல் வாருங்கள். தேத்தண்ணி எங்கள் குழுப் பொறுப்பு.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி